நின்றால் சூடு, ஓடினால் குளிர்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஈப்போவுக்குப் போகும்போதெல்லாம் என் காரின் ஏர்கோன் (குளிரூட்டி) குறை சொல்ல முடியாதபடி குளிரும். ஊருக்குள் திரும்பிச் சமிக்ஞை விளக்கருகே இரண்டு நிமிடம் நின்றாலோ, செம்பனைக் குலைகளை ஏற்றிய டிராக்டரின் பின்னால் தோட்டச் சாலையில் ஊர்ந்தாலோ, அதே துவாரங்களிலிருந்து வெக்கைதான் வரும். மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை குளிரூட்டும் கேஸ் ஏற்றினேன். இரண்டு முறையும் பட்டறையில் "கேஸ் குறைவு" என்ற ஒரே விடைதான் கிடைத்தது; நானும் கேள்வி கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வளர்ந்து, இப்போது சொந்தமாகச் சிறு பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் இதைக் கேட்டதும், "தம்பி, கேஸ் என்ன பெட்ரோலா, ஓட ஓடத் தீர்வதற்கு?" என்றார். மூடிய சுற்றில் ஓடும் அந்தக் கேஸ், ரப்பர் குழாய்களின் வழியாக ஆண்டுக்குச் சிறிதளவு கசியலாமே தவிர, ஆறு வாரத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அப்படி எந்த ஓட்டையும் என் காரில் இல்லை.

எஞ்சின் நின்றிருக்கையில் மானியை மாட்டி அழுத்தத்தைப் பார்த்து அளவைச் சொல்வதும் தவறு என்று அவர் விளக்கினார். கார் ஏர்கோனில் ஓடும் ஆர்134ஏ என்ற கேஸ் சுற்றுக்குள் சிறிதளவாவது திரவமாக இருக்கும்வரை, 30 பாகை வெப்பத்தில் அழுத்தம் ஏறத்தாழ 97 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) என்றே காட்டும். பாதி இருந்தாலும் முழுதும் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே கேஸை வெளியே எடுத்து எடை போட்டார். பானெட்டின் அடியில் ஒட்டிய தாளில் 450 கிராம் என்றிருக்க, வெளியே வந்தது 640 கிராம். குறையாத கேஸுக்கு மேல் இரண்டு முறை ஏற்றியிருந்தார்கள்!

சரியான எடையை ஏற்றி எஞ்சினை ஓடவிட்டபோதும் உயர் அழுத்தப் பக்கம் 300 பிஎஸ்ஐயைத் தாண்டியது. முன்னால் குனிந்து பார்த்தால், கேஸின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் காற்றாடி சுழலவே இல்லை. அண்ணன் ஒரு நீளக் குச்சியால் இலேசாகத் தட்டினார், உடனே சுழன்றது. காற்றாடி மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிருந்தது. நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று காற்றாடியின் வேலையைச் செய்துவிடுவதால் குளிர் வந்திருக்கிறது. நின்றதும் வெப்பம் வெளியேற வழியில்லை. ரேடியேட்டருக்குத் தனிக் காற்றாடி இருந்ததால் எஞ்சினும் சூடேறி எச்சரிக்கவில்லை. பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப்-கட் கடையொன்றில் பழைய மோட்டாரை வாங்கி மாட்டி, கண்டென்சரின் தகடுகளுக்கிடையே அப்பியிருந்த செம்மண் தூசியை மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவியதும், அழுத்தம் 220க்கு இறங்கியது. அழுத்தமான நீரைப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கதை அத்தோடு முடியவில்லை. இரண்டு வாரம் கழித்து டேஷ்போர்டுக்குள் டக்கு டக்கென்ற சத்தம். வெப்பநிலையை 18 என்று வைத்தாலும் காற்று மிதமாகவே வந்தது. என் கார் ஜப்பானில் ஓடி, இங்கே இறக்குமதியான ரீகோண்ட் கார். குளிர்நாட்டுக்கென ஹீட்டரோடு செய்யப்பட்டது. எஞ்சினின் சுடுநீர் ஹீட்டருக்குச் செல்லும் குழாயை அண்ணன் கவ்வியால் இறுக்கியதும் காற்று குளிர்ந்தது. குளிர்ந்த காற்றையும் சூட்டையும் கலக்கும் கதவு மூடவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஏர்கோனின் ஆட்டோ பொத்தானையும், உள்ளிருக்கும் காற்றையே சுழலவிடும் உட்காற்றுப் பொத்தானையும் சேர்த்து அழுத்தியபடி சாவியைத் திருப்பினால், இந்தக் கார் தன் குறைகளை எண்களாகச் சொல்லும். 41 என்று வந்தது: கலப்புக் கதவின் மோட்டார். 21 என்றும் வந்தது. வெயில் உணரி பழுதோ என்று பயந்தேன். ரம்புத்தான் மர நிழலிலிருந்து காரை வெயிலுக்கு நகர்த்தியதும் அந்த எண் மறைந்தது. நிழலில் சோதித்தால் அப்படித்தான் வருமாம்.

சுங்கை சிப்புட்டில் யாருக்கு ஹீட்டர் வேண்டும், கவ்வி அப்படியே இருக்கட்டும் என்றார் அண்ணன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடைமழையில் கண்ணாடி மங்கும்போது, ஏர்கோன் உலர்த்திய காற்றைச் சற்றுச் சூடாக்கி விட்டால்தான் உள்ளே இருப்பவர்கள் நடுங்காமல் பாதை தெளிகிறது. பழைய கதவு மோட்டாருக்குள் பல் உடைந்த கியரைக் காட்டிவிட்டுப் புது மோட்டாரை மாட்டினார். கவ்வியை மட்டும் என் கையில் கொடுத்து, பெட்டியில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.