கூவாகத்தில் ஓர் இரவுத் தாலி

சித்ரா பௌர்ணமி என்று நாள்காட்டியில் பார்த்துவிட்டுக் கூவாகத்துக்குக் கிளம்பினால் ஏமாந்துபோக வேண்டியிருக்கும். கூத்தாண்டவர் என்பது அரவான். பாரதப் போரில் களப்பலியாகும் முன் மோகினியாக வந்த கண்ணனை ஓர் இரவு மணந்தவர். அவருக்கு மனைவியாகத் திருநங்கையர் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் விதவையாவதுதான் இந்த விழா. பேச்சுவழக்கில் பௌர்ணமி விழா என்றாலும், கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டுவது செவ்வாய் இரவு, தேர் புதன் காலை. 2022-இல் பௌர்ணமி ஏப்ரல் 16, சனிக்கிழமை. தாலி கட்டியதோ 19-ஆம் தேதி செவ்வாய். 2023-இல் பௌர்ணமி மே 5. தேர் மே 3-ஆம் தேதியே ஓடி முடிந்துவிட்டது. விழாவைத் தொடங்கிவைக்கும் சாகை வார்த்தல் சடங்கு எந்த நாளில் நடந்தது என விசாரித்து, அதிலிருந்து 15-ஆம் நாளை எண்ணிக்கொள்வதுதான் சரியான வழி. விழா மொத்தம் 18 நாள், பாரதப் போரின் கணக்கு.

ஊர் கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. கூவாகத்தில் தங்குமிடம் கிடையாது. வயலும் கோயிலும் வீடுகளும்தான். அதனால் வெளியூரிலிருந்து வரும் திருநங்கையர் ஒரு வாரம் முன்பே விழுப்புரத்தில் அறை எடுத்துவிடுகிறார்கள். அழகிப் போட்டி, கருத்தரங்கு, எச்ஐவி விழிப்புணர்வு முகாம் எல்லாம் அங்கேதான். அந்த நாள்களில் அறை வாடகை பல மடங்கு ஏறும். ஆளைப் பார்த்ததும் அறை இல்லை என்று சொல்வதும் நடக்கும். தங்குமிடத்திலும் பொது வசதிகளிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2019-இல் வந்த திருநர் (திருநங்கை, திருநம்பி இருவருக்கும் பொதுப்பெயர்) பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்கு விடுதி வாசலில் நின்றுகொண்டு சட்டம் பேசி அறை வாங்குவது கடினம். ஒரு மாதம் முன்பே பேசி, முன்பணம் கட்டி, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குழுவாகப் போகிறவர்கள் மூத்தவர் ஒருவர் பெயரில் மொத்தமாகப் பதிவு செய்வது நல்லது. பேருந்து விஷயத்தில் ஒரு குறிப்பு: திருநங்கையருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான். கையில் சில்லறை இருக்கட்டும்.

கிளம்பும் முன் ஒரு பையில் இவை இருக்க வேண்டும். மஞ்சள் கயிறு, அதில் கோக்க ஒரு விரலி மஞ்சள், தேங்காய், வெற்றிலை பாக்கு, கற்பூரம், இரண்டு கைக்கும் கண்ணாடி வளையல், நான்கைந்து முழம் மல்லிகை. இன்னொரு பையில் தனியாக வெள்ளைப் புடவை, துண்டு, சோப்பு, தண்ணீர். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள். கல்யாணப் பையில் வெள்ளை கலக்கக் கூடாது என்று திருநங்கையர் குழுவான ஜமாத்தில் மூத்தவர்கள் சொல்வார்கள். மறுநாள் காலை நெரிசலில் தேடுவதற்கும் தனிப்பையே வசதி.

செவ்வாய் மாலை சாமிக்குக் கண் திறப்பார்கள். தாலி கட்டுவது அதற்குப் பிறகுதான். இரவு முழுக்கக் கட்டுவார்கள், எட்டு மணிக்கே முண்டியடிக்க வேண்டியதில்லை. அடித்துப் பிடித்து உள்ளே நுழைகிறவர்களுக்குக் கயிறு நழுவுவதும் முடிச்சு அவிழ்வதும் சகஜம். பூசாரியின் கைக்கு ஒரு கழுத்துக்குச் சில நொடிகள்தான் கிடைக்கும். கொண்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போனால் பிடரி தெளிவாக இருக்கும். பூச்சரம் தடுக்கினால், "அக்கா, முடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடியேன்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் போதும், யாரும் மறுப்பதில்லை. மஞ்சளில் நனைந்த கயிறு கழுத்தில் ஈரமாகப் படும். அதற்குள் முடிச்சு விழுந்திருக்கும். எதிரே சிவந்த முகமும் பெரிய மீசையுமாக அரவான் கண் விழித்திருப்பார். கும்பிட ஒரு கணம் கிடைக்கும், பின்னால் இருக்கும் கூட்டம் தள்ளிவிடும்.

பூசாரி பெயர் கேட்பதில்லை. சான்றிதழ் கேட்பதில்லை. அறுவைச் சிகிச்சை ஆயிற்றா என்றும் கேட்பதில்லை. வேண்டுதலுக்காக ஊர்க்காரர்களும், சட்டை வேட்டியில் வந்த ஆண்களும், அப்பாவின் தோளில் இருக்கும் சிறுவர்களும்கூட அதே வரிசையில் நின்று தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேறு மதத்தில் பிறந்த திருநங்கையரும் வருகிறார்கள். நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆண்டுக்கணக்கில் நடந்த வாதத்தின் மையமே இந்தக் கேள்விகள்தாம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே அறிவித்துக்கொள்வது ஒருவரின் உரிமை என்றது. அந்தத் தீர்ப்பிலேயே அரவான் கதை வருகிறது: மோகினியாக வந்து மணந்த கண்ணனும், தங்களை அரவாணிகள் என்று அழைத்துக்கொள்ளும் தமிழ்நாட்டுத் திருநங்கையரும். அடுத்த ஆண்டே திமுக உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை. அரசு கொண்டுவந்த 2019 சட்டம், மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து அடையாளச் சான்று பெற வேண்டும் என்றது. ஆண் அல்லது பெண் என்று மாற்றிக்கொள்வதற்கு மருத்துவமனையின் சான்றையும் கேட்டது.

சலுகை யாருக்குப் போக வேண்டும் என்று தெரிய ஒரு பதிவு வேண்டாமா, இல்லையென்றால் பொய்யாக உரிமை கோருவார்கள் என்பது அந்தச் சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம். நான் யார் என்று இன்னொருவர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டுமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. திருநர் மீதான பாலியல் வன்முறைக்கு அதிகபட்சமே இரண்டு ஆண்டுச் சிறை என்று அதே சட்டம் வந்தபோது வைத்தது இரு தரப்பிலும் பலரை உறுத்தியது. பெண்ணை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. அட்டை, ஓய்வூதியம் என்று திருநங்கையர் நலவாரியத்தின் தேவையை அறிந்தவர்கள் பதிவே வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பதிவு வேறு, பரிசோதனை வேறு. கோயில் வரிசையில் நிற்கும்போது அந்த வேறுபாடு நன்றாக விளங்குகிறது.

இட ஒதுக்கீட்டிலும் ஒத்த கருத்து இல்லை. திருநர் எல்லோரையும் ஒரே பிற்படுத்தப்பட்ட வகுப்பாகச் சேர்ப்பது எளிது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். பட்டியல் சாதியில் பிறந்த திருநங்கை அதனால் தன் பங்கை இழக்கிறார், ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநருக்கு உள் இடம் தர வேண்டும் என்று திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றோர் நெடுநாளாகப் போராடிவருகிறார்கள். கர்நாடகம் 2021-இல் அந்த முறையில் ஒரு சதவீதம் ஒதுக்கியது.

தாலி கட்டிய பின் வயலுக்கு வந்துவிடுங்கள். ஆங்காங்கே கற்பூரத்தைக் குவித்துக் கொளுத்திச் சுற்றிக் கும்மியடிப்பார்கள். குருவும் சேலாவும் (சீடர்), நானியும் (பாட்டி) பேத்தியும், ஆண்டுக்கு ஒருமுறை சந்திக்கும் தோழிகளும் கூடுமிடம் அதுதான். பெற்ற வீடு கைவிட்ட பிறகு கிடைத்த குடும்பம் இது. சட்டப் புத்தகத்தில் 'குடும்பம்' என்ற சொல் இரத்த உறவோடும் திருமணத்தோடும் தத்தோடும் நின்றுவிடுவது ஏன் குறை என்பதற்கு விளக்கம் வேண்டுமானால் இந்த வயலைப் பார்க்கலாம். நைலான் புடவையோடு கற்பூரக் குவியலின் அருகே போகாதீர்கள், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். இருட்டில் தனியே தோப்புப் பக்கம் போக வேண்டாம். குடித்துவிட்டு வந்து கையைப் பிடித்து இழுப்பவர்களும் இந்தக் கூட்டத்தில் உண்டு. நான்கு பேராகப் போய் நான்கு பேராகத் திரும்புங்கள்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு சொல். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மூக்குத்தியும் பட்டுமாக நிற்கும் ஒருவர், ஊரில் சட்டை அணிந்து வேலைக்குப் போகிறவராக இருக்கலாம். உங்கள் கைபேசியில் பதிந்த ஒரு படம் அவருடைய வேலையையும் வாடகை வீட்டையும் பறிக்கும்.

புதன் காலை தேர். அரவானின் உடல் உறுப்புகளுக்கான பாகங்கள் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வந்து தேரில் பொருத்தப்படுகின்றன. ஒரு சாமியைப் பல ஊர் சேர்ந்து உருவாக்குகிறது. உழவர்கள் தங்கள் வயலில் விளைந்த தானியத்தையும் காய்கறியையும் தேர் மீது வீசுவார்கள், தலையில் படாமல் சற்றுத் தள்ளி நில்லுங்கள். தேர் பந்தலடி என்னும் இடத்தை நோக்கி நகர நகரப் பாட்டு ஒப்பாரியாக மாறும். களப்பலி ஆனதும் அழுகளத்தில் பூசாரிகள் தாலியை அறுப்பார்கள். வளையலை உடைப்பார்கள், பூவைப் பிய்ப்பார்கள், குங்குமத்தை அழிப்பார்கள். கண்ணாடி வளையலை உடைக்கும்போது மணிக்கட்டு கிழிபடும். கையை இறுக்காமல் தளர்வாகக் கொடுங்கள். தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு. கோயிலுக்குள் செருப்பைக் கழற்றினாலும் அழுகளத்துக்குச் செருப்போடுதான் போக வேண்டும். தாலியில் பொன் பொட்டு கோத்திருந்தால் அதற்கு முன்பே கழற்றி மடியில் முடிந்துகொள்ளுங்கள். பிறகு குளித்து வெள்ளை உடுத்துவது.

இந்த அழுகையைப் பற்றித்தான் திருநங்கையருக்குள்ளேயே அதிகம் வாதம் நடக்கிறது. தாலியும் கைம்மையும் பெண்ணை அடக்க வந்த சடங்குகள், அவற்றை நாம் ஏன் விரும்பிச் சுமக்க வேண்டும் என்று பகுத்தறிவு வழியில் வந்தவர்கள் கேட்கிறார்கள். ஊரில் அழ இடமில்லாதவள் ஆண்டு முழுக்கச் சேர்த்த துக்கத்தை இங்கேதான் இறக்குகிறாள் என்பது மூத்தவர்களின் பதில். மருத்துவமனையில் இறந்த தோழிக்காகவும், முகத்தில் கதவைச் சாத்திய தாய்க்காகவும் அரவான் பெயரைச் சொல்லி அழுகிறார்கள். 'அரவாணி' என்ற பெயரையும் எல்லோரும் ஏற்பதில்லை. ஒரே இரவில் விதவையாகும் கதையோடு தங்களைக் கட்டிப்போடுகிறது என்று சொல்லி, பலர் 'திருநங்கை' என்ற சொல்லுக்கு வந்துவிட்டார்கள். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிகள் இந்தக் கதையில் தங்களுக்கு இடமே இல்லை என்கிறார்கள். அது உண்மை. வடமொழிப் பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படுகிறான். களப்பலி தமிழ்ப் பாரத மரபில் வருவது, மோகினித் திருமணம் மக்கள் வாய்மொழியில் வளர்ந்தது. கேட்கிறவர்கள் தேவைக்கு ஏற்ப வளர்ந்த கதை திருநம்பிகளுக்காக இன்னும் வளரக் கூடாதா?

ஓர் இரவுக்கு மட்டுமல்லாமல் வாழ்நாளுக்கும் தாலி உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயில் ஒன்றில் ஓர் ஆணை மணந்த திருநங்கையின் திருமணத்தைப் பதிவுசெய்ய அலுவலகம் மறுத்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று கூறிப் பதிவுசெய்ய உத்தரவிட்டது. திருமணம் பெண்ணாகப் பிறந்தவளுக்கே என்று கருதுபவர்கள் அதை இன்றும் ஏற்பதில்லை. அந்தத் தீர்ப்பைத் தெரியாமலே கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்ளும் இளையவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அதைச் சொல்லிவையுங்கள்.

புதன் மதியத்துக்குள் வெள்ளைப் புடவைகள் பெரும்பாலும் பேருந்து ஏறிவிடும். ஒரே நேரத்தில் எல்லோரும் கிளம்புவதால் கிராமச் சாலை அடைத்துக்கொள்ளும். அவசரம் இல்லாதவர்கள் இருந்துவிட்டுப் போகலாம். மாலையில் பலிசாதம் படைப்பார்கள். அதை வாங்கி உண்டால் குழந்தை பிறக்கும் என்ற நம்பிக்கையில் தம்பதிகள் கையேந்திக் காத்திருப்பார்கள். இரவு காளி கோயிலில் அரவானை உயிர்ப்பிக்கும் சடங்கு நடக்கும். வெள்ளை உடுத்துக் கிளம்பியவர்களில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. அவர் எழும்போது அவர்கள் விழுப்புரம் ரயில் நிலையத்தில் மும்பைக்கோ பெங்களூருக்கோ வண்டிக்காகக் காத்திருப்பார்கள். முடிந்தால் ஒருமுறையாவது அந்த இரவு வரை இருந்து பாருங்கள்.