பேரீச்சம்பழக் கணக்கு

அக்டோபர் 5, ஞாயிறு
18 கிலோமீட்டர், ஜனவரி மாரத்தானுக்காக. திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் போய்த் திரும்பினேன். கிளம்பும் முன் ஒரு பட்டர் டீ, அவ்வளவுதான். சோறு, இட்லி, இனிப்பு எல்லாம் விட்டாயிற்று, சர்க்கரைக்குப் பயந்து. 180-லிருந்து வயதைக் கழித்தால் 136. இதயத் துடிப்பை அதற்கு மேல் விடக் கூடாது என்பது பயிற்சியாளர் மாஃபெடோன் சொன்ன வழி. அந்த வேகத்தில் நீலாங்கரையில் ஒரு நாய் கூடவே வந்தது. நான் ஓடினேன், அது நடந்தது.

பசியே இல்லை. வீட்டுக்கு வந்து மூன்று முட்டை, தேங்காய்ச் சட்னி. அம்மா இட்லித் தட்டை என் பக்கம் தள்ளினாள். நான் அவள் பக்கம் தள்ளினேன்.

அக்டோபர் 8
எழுந்ததும் சர்க்கரை 103. நேற்று இரவு 92. நடுவில் சாப்பிட்டது ஒன்றுமில்லை. விடியற்காலையில் கல்லீரல் தானாகவே சர்க்கரையை அவிழ்த்துவிடும், தெரியும். தெரிந்தும் இன்னொரு விரலில் குத்தினேன். 101.

அக்டோபர் 14
மெஷினில் பின்னால் போகும் பட்டனைத் தெரியாமல் அழுத்திவிட்டேன். 318. 276. 341. அப்பா விட்டுப்போனவை. மூடி வைத்துவிட்டேன்.

அக்டோபர் 20, தீபாவளி
அக்கா அதிரசம் கொண்டுவந்தாள். "ஒண்ணு சாப்பிட்டா செத்தா போயிடுவ?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. எல்லோரும் டிவியைப் பார்த்தோம்.

அக்டோபர் 26, ஞாயிறு
24. கடைசி நாலு கிலோமீட்டர் கால் மரக்கட்டை. கோச் சிரித்தார். "மேடம், ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு வாங்க. காசா பணமா?"

அவருக்கு எங்கே தெரியும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை 6.2-லிருந்து 5.6-க்கு இறக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. மாத்திரை இல்லாமல்.

நவம்பர் 2, ஞாயிறு
28 ஓட வேண்டிய நாள். உத்தண்டி சுங்கச்சாவடி வரை ராஜபோகமாகத்தான் போனேன். திரும்பும்போது இருபதுக்கு அப்புறம் எங்கேயோ, சுவிட்சை அணைத்த மாதிரி. மூச்சு வாங்கவில்லை, வலியும் இல்லை. கால் தூக்கு என்று சொன்னால் கால் தூக்கவில்லை, அவ்வளவுதான். கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்க முடியவில்லை. எழுத்து தெரிகிறது, சேரவில்லை. காரணமே இல்லாமல் கோபம் வந்தது, எதிரே வந்த பால்காரர் மேல்.

ஓரத்தில் ஒரு இளநீர் வண்டி. காலை ஆறரைக்கு அந்த மனுஷர் அப்போதுதான் குலையை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்காமலே ஒன்றைச் சீவினார். கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். இதில் எட்டு கிராமா பத்து கிராமா என்று மனசு கணக்குப் போடுகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத மண்டைக்குக் கணக்கு மட்டும் வருகிறது! "குடிம்மா, காசு அப்புறம் தா" என்றார். குடித்தேன். கால் மணி நேரத்தில் பலகைகள் வாசிக்க வந்தன. ஆட்டோவில் வீடு வந்தேன்.

கால் விரல்களை எண்ணினேன். பத்து.

நவம்பர் 3
தூக்கம் இல்லை, பால் கார்டுக்குப் பின்னால் கணக்கு. எடை 61. கிலோவுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு கலோரி என்று வைத்தால் 42 கிலோமீட்டருக்கு 2,560 சொச்சம். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிற சர்க்கரை இருப்பு, கிளைகோஜன், நன்றாகச் சோறு சாப்பிடுபவர்களுக்கே 2,000 கலோரியை ஒட்டித்தான். எனக்கு அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். கொழுப்போ ஒரு லட்சத்துக்கு மேல். பரணில் பத்து மூட்டை, அடுப்படி டப்பாவில் இரண்டு ஆழாக்கு. பரணில் ஏறி இறக்கத்தான் நேரமாகிறது.

பாஸ்டனில் 1924-லேயே மாரத்தான் முடித்தவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். துவண்டு விழுந்தவர்களுக்குச் சர்க்கரை அடிமட்டத்தில். அடுத்த வருஷம் ஓட்டத்தின் நடுவே மிட்டாய் கொடுத்தார்கள், தெம்பாக வந்து சேர்ந்தார்கள். இந்தப் பக்கம் டிம் நோக்ஸ், தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர். மாவுச்சத்தைச் சாப்பிட்டு ஓடு என்று ஊருக்கே சொல்லிக் கொடுத்தவர், தனக்கே சர்க்கரை வந்ததும் தன் புத்தகத்திலிருந்து அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போடச் சொன்னார். அந்தப் பக்கம் லூயிஸ் பர்க், ஆஸ்திரேலிய விளையாட்டு உணவு நிபுணர். நடைப்பந்தய வீரர்களை வைத்துச் செய்த அவருடைய ஆய்வு 2017-ல் வந்தது. மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குக் கொழுப்பு நன்றாக எரிந்தது, ஆனால் அதே வேகத்துக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்பட்டது. பந்தய நேரம் குறையவில்லை.

நான் பதக்கத்துக்கா ஓடுகிறேன்? மூன்று மணி. மெஷினை எடுக்கவில்லை.

நவம்பர் 4
எடுத்தேன். 97.

நவம்பர் 9, ஞாயிறு
உப்புதான் பாதிப் பிரச்சனையோ. இன்சுலின் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காது, தண்ணீரோடு கொட்டிவிடும். மேலே சென்னை வியர்வை வேறு. நேற்று இரவு ஆட்டுக்கால் சூப், இன்று எலுமிச்சைத் தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. 16 ஓடினேன், தலைசுற்றல் இல்லை. கெண்டைக்கால் இழுக்கவில்லை. கண்டுபிடித்துவிட்டேன்!

நவம்பர் 12
கண்டுபிடிக்கவில்லை. வேக ஓட்டம், 400 மீட்டர் எட்டு தடவை. முடித்ததும் 148. எதுவும் சாப்பிடாமல் 148! பயத்தில் மெஷினை பாத்ரூமுக்கே எடுத்துப் போனேன். ஒரு மணி நேரத்தில் 99. வேகமாக ஓடினால் அட்ரினலின் ஏறும், கல்லீரல் மூட்டையைக் கொட்டும். அப்படியென்றால் உடம்பே எனக்குச் சர்க்கரை ஊட்டுகிறது. நான் மட்டும்தான் மாட்டேன் என்கிறேன்.

நவம்பர் 17
மழை. 10. ஷூ இன்னும் காயவில்லை.

நவம்பர் 20
இடது கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. ஓடுகிறவர்களுக்கு இது சகஜமாம். அம்மா பார்க்கக் கூடாது. சாக்ஸ் போட்டுக்கொண்டே தூங்குகிறேன்.

நவம்பர் 23, ஞாயிறு
செய்துவிட்டேன்.

ஆறு பேரீச்சம்பழம், சின்ன ரகம். ஒன்றில் ஐந்து கிராம். கொட்டை எடுத்து ஃபாயிலில் சுற்றிக்கொண்டேன். ஓடுகிறவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை எடுப்பார்கள். எனக்கு மொத்த ஓட்டத்துக்கும் முப்பது. பத்தாவது கிலோமீட்டரில் முதல் பழம். வாயில் வைத்ததும் துப்பிவிடலாமா என்றிருந்தது, அத்தனை இனிப்பு. ஒன்றரை வருஷத்தில் நாக்கு மறந்துபோயிருக்கிறது. மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே 28-ஐயும் முடித்தேன். அந்த இளநீர்க்காரருக்கு நாற்பது ரூபாய் பாக்கியையும் கொடுத்தேன். அவருக்கு ஞாபகமே இல்லை.

முடித்ததும் கை நடுங்கியது, விரலில் ரத்தம் வரவில்லை. இரண்டாவது குத்தலில் வந்தது. 108.

ஓடும் தசை இன்சுலினைக் கேட்காமலே சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று படித்ததுதான். படித்தது வேறு, 108 வேறு.

டிசம்பர் 3, கார்த்திகை
பொரி உருண்டை. வேண்டாம் என்றேன். ஓடாத நாளில் அது விஷம்தான், அதில் மாற்றமில்லை. அம்மா வாசலில் விளக்கு வைத்துக்கொண்டே, "ஓடற அன்னிக்கு மட்டும் திங்கிற, இது என்னடி சாஸ்திரம்?" என்றாள். ஃபாயிலை எங்கே பார்த்தாளோ.

டிசம்பர் 7, ஞாயிறு
32! எட்டு பழம், உப்பு எலுமிச்சை. 27-இல் சோர்ந்தேன், அணையவில்லை. 112.

டிசம்பர் 9
இந்த மெஷினில் 500 அளவுகள்தான் நிற்கும். அதற்கு மேல் போனால் பழையது ஒவ்வொன்றாக விழும். இதுவரை எத்தனை குத்தியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பின்னால் போய்ப் பார்த்தேன். 341 இல்லை. 276 இருக்கிறது.

டிசம்பர் 10
குத்தவில்லை.

டிசம்பர் 11
குத்தவில்லை. புதிதாக ஒரு மெஷின் என்ன விலை என்று மருந்துக்கடையில் கேட்டேன்.

டிசம்பர் 21, ஞாயிறு
14 மட்டும். இனி குறைத்துக்கொண்டே போக வேண்டுமாம். ஓடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது. எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.

ஜனவரி 3, சனி
புது மெஷின்: 96. பழையது அலமாரியில்.

எண் அட்டையைப் பனியனில் குத்தியாயிற்று. நகம் விழுந்துவிட்டது, அடியில் புதுசு வருகிறது. மூன்று மணிக்கு அலாரம். பத்துப் பழம் போதுமா, பன்னிரண்டா? அம்மா சமையலறையில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். எடுக்கச் சொல்லவில்லை. ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள், பார்த்தேன். உப்பு டப்பா எங்கே என்று கூப்பிடுகிறாள்