தண்டனை முடிந்த பிறகு

மதுரை ஆனையூர் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கும் அக்காதான் எங்கள் வீட்டுக்குப் பல வருடமாக ஜாக்கெட் தைத்துத் தருகிறார். நேற்று அளவு ஜாக்கெட்டோடு போனேன். ஊசிக்கடியில் துணி இருக்கிறது, கால் மிதிக்கவில்லை. அவர் தம்பிக்குத் தண்டனை முடிந்துவிட்டதாம். துணிப்பையோடு சிறை வாசலுக்கு வந்தவனை அப்படியே வேனில் ஏற்றி, வெளிநாட்டினரை அடைத்து வைக்கும் சிறப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

“இலங்கைக்கு அனுப்பிடுவாங்களோம்மா? கைக்குழந்தையா வந்தவன், அங்க யாரைத் தெரியும் அவனுக்கு?”

வெளிநாட்டினரை இப்படி முகாமில் வைக்கவும் நாட்டைவிட்டு அனுப்பவும் 1946இன் வெளிநாட்டினர் சட்டத்திலேயே அதிகாரம் இருந்தது. 2025இல் வந்த புதுச் சட்டத்திலும் அது போகவில்லை. ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆறு பேரை விடுவித்தது. இந்தியர்களான நளினியும் ரவிச்சந்திரனும் வீட்டுக்குப் போனார்கள். இலங்கைக்காரர்கள் நால்வரும் திருச்சி சிறப்பு முகாமுக்குப் போனார்கள். அந்த நால்வரில் சாந்தனுக்கு ஊர் திரும்ப அனுமதி வந்தும், அம்மாவைப் பார்க்காமலே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். மற்ற மூவரை ஏப்ரலில் இலங்கைக்கு அனுப்பினார்கள்.

செய்த தப்புக்குச் சிறை, சரி. அதை அனுபவித்து முடித்த பிறகும் பிறந்த இடத்துக்காக இன்னொரு பூட்டு என்றால் எனக்கு மனசு ஒப்பவில்லை.

“வெள்ளிக்கிழமை வாங்கிக்கோம்மா. வியாழக்கிழமை அவனைப் பார்க்க மனுப் போட்டிருக்கேன்” என்றார்.