இரண்டு மயில், ஒரு மான்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தில், ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டார்கள். கிரிக்கெட் மேட்ச், விடுதிச் சாப்பாடு எல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள், நான் எங்கள் சரித்திர ஆசிரியரின், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவரின், வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். எழுபதுகளின் கடைசியில் ஏ.எல். (உயர்தர) கலைப்பிரிவில் இருந்தவர்களுக்கு அவரை நன்றாக ஞாபகம் இருக்கும்.

மௌரியர் பாடம் தொடங்கிய அன்று அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் 'இரண்டு மயில், ஒரு மான்' என்று எழுதிவிட்டு, இது என்ன சொல்லுங்கள் பார்ப்போம் என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. அசோகரின் முதலாம் பாறைச் சாசனத்தில் இருக்கிற கணக்கு அது. முன்பெல்லாம் என் சமையற்கட்டில் கறிக்காக நாளுக்கு எத்தனையோ லட்சம் உயிர்கள் கொல்லப்பட்டன, இப்போது மூன்றுதான், இரண்டு மயிலும் ஒரு மானும், அந்த மானும் தினமும் இல்லை, இனி இந்த மூன்றும் கொல்லப்பட மாட்டா என்று அந்த அரசர் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார். அதுவரை அசோகர் எங்களுக்குப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற ஒரு பெயர். அன்றைக்குத்தான் அவர் தன் குசினியைப் பற்றிக் கூச்சப்படுகிற ஒரு மனிதராகத் தெரிந்தார். மற்றவர்கள் அவரைப் பற்றிச் சொன்னதைப் பிறகு படிக்கலாம், முதலில் அவர் சொன்னதைக் கேளுங்கள் என்பார் சேர்.

அப்புறம் பதின்மூன்றாம் சாசனம். அதற்கு அவர் இரண்டு கிழமை எடுத்தார். முடிசூடி எட்டு வருடம் கழித்துக் கலிங்கத்தை, அதாவது இன்றைய ஒடிசாப் பக்கத்தை, வென்ற கதை அது. பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் ஒன்றரை லட்சம், கொல்லப்பட்டவர்கள் ஒரு லட்சம், அதைப்போலப் பல மடங்கு பேர் வேறு விதமாக இறந்தார்கள். இதைச் சொல்வது தோற்றவர்கள் அல்ல, வென்றவரே சொல்கிறார். எந்த நாட்டு மன்னனின் மெய்க்கீர்த்தியை எடுத்தாலும் எத்தனை தலை கொய்தேன் என்று பெருமைதான் இருக்கும், இவர் மட்டும் அதே கணக்கை எழுதிவிட்டு எனக்கு வேதனையாக இருக்கிறது என்கிறார். அதற்கும் கீழே ஒரு வரி உண்டு. தங்களுக்கு ஒன்றும் நேராமல் தப்பியவர்கள்கூடத் தங்கள் நண்பர்களுக்கும் சொந்தக்காரருக்கும் நேர்ந்ததால் துன்பப்படுகிறார்கள், அதுவும் அவர்களுக்கு நேர்ந்த காயந்தான் என்கிற பொருளில் வருவது. பதினெட்டு வயதில் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விட்டேன். 1984இல் லண்டனுக்கு வந்து, போர் நடக்கிற ஊரிலிருந்து வருகிற ஒவ்வொரு டெலிபோனுக்கும் நெஞ்சு பதறத் தொடங்கிய பிறகுதான் அந்த வரி எனக்கு விளங்கியது.

ஆனால் சேர் அவரைத் தெய்வமாக்கிக் காட்டவில்லை. கலிங்கத்தைத் திருப்பிக் கொடுத்தாரா? இல்லை. அதே சாசனத்தில் காட்டில் வாழும் மக்களுக்கு, வருந்துகிறேன்தான், ஆனால் தண்டிக்கிற பலமும் என்னிடம் இருக்கிறது என்று எச்சரிக்கையும் விடுகிறார். இன்னொன்றையும் கவனிக்கச் சொன்னார். கலிங்க நாட்டுக்குள்ளேயே இருக்கிற தௌலியிலும் ஜௌகடாவிலும் இந்தப் பதின்மூன்றாம் சாசனம் இல்லை. அதற்குப் பதிலாக, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று சொல்லி அங்கிருந்த அதிகாரிகளுக்குக் கட்டளை இருக்கிறது. செத்தவர்களின் கணக்கை அவர்களுடைய பிள்ளைகளின் முன்னால் எழுத அவருக்கு மனம் வரவில்லையா, இல்லை அது அரச தந்திரமா? சேர் இரண்டு பக்கமும் வாதாட விட்டார். தந்திரந்தான் என்று அன்று நான் சத்தம் போட்டேன், இன்றைக்கு அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

இந்த எழுத்துகளை வாசித்த கதை இன்னொரு பாடம். பல நூற்றாண்டுகளாக, இந்தச் சாசனங்களை வெட்டிய பிராமி எழுத்தை ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது. பதினான்காம் நூற்றாண்டில் டெல்லி சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் ஒரு அசோகர் தூணை 42 சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நட்டாரே, அவர் அழைத்த பண்டிதர்களாலும் முடியவில்லை. கல்கத்தா நாணயச்சாலையில் உலோகத்தின் தரம் பார்க்கிற அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சி ஸ்தூபியில் இருந்த சின்னச் சின்ன வாசகங்கள் எல்லாம் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதைப் பார்த்தார். கோயிலுக்குக் கொடுப்பவர்கள் கடைசியில் என்ன எழுதுவார்கள்? தானம்! அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 1837இல் கதவு திறந்தது.

வாசித்தால், எங்கும் 'தேவானம்பிய பியதசி' என்று பட்டம் மட்டுமே இருக்கிறது. பிரின்செப் முதலில் அது இலங்கை மன்னன் தேவானம்பிய தீசன் என்றே நினைத்தார். இலங்கையில் சிவில் அதிகாரியாக இருந்த ஜோர்ஜ் டேர்னர்தான் இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான தீபவம்சத்தில் தேடிப் பார்த்து, பியதசி என்பவர் சந்திரகுப்தரின் பேரன், பிந்துசாரரின் மகன் அசோகர் என்று எழுதி அனுப்பினார். எங்கள் தீவில் காத்து வைத்திருந்த பாளி ஏட்டு மரபில்லாமல் இந்தியாவின் அவ்வளவு பெரிய அரசரை இன்னும் எத்தனை காலம் அடையாளம் தெரியாமல் விட்டிருப்பார்களோ. அசோகர் என்ற பெயரே பொறித்த கல் 1915இல்தான், இன்றைய கர்நாடகத்தின் மஸ்கியில் கிடைத்தது.

அந்தப் பாடம் முடிந்த சனிக்கிழமை சேர் எங்களைச் சைக்கிளில் யாழ்ப்பாணத்து மாதகலுக்குப் பக்கத்தில் சம்பில்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அசோகரின் மகள் சங்கமித்தை போதிமரக் கிளையோடு வந்து இறங்கியதாக மகாவம்சம் சொல்கிற ஜம்புகோளம் அதுதான் என்பார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு பனங்காய்ப் பணியாரம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அவர் மணலில் குச்சியால் எழுதிக் காட்டிய சில எழுத்துகள் எனக்கு மறக்கவில்லை. 'க' என்றால் ஒரு கூட்டல் குறி, 'ந' என்றால் ஒரு கோட்டின் மேல் நிற்கிற தடி. பிரிட்டிஷ் மியூசியத்தில் அசோகரின் ஆறாம் தூண் சாசனத்தின் ஒரு துண்டு இருக்கிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தி, கூட்டல் குறியைத் தேடு என்றேன். அவள் கண்ணாடியில் மூக்கு முட்டத் தேடி, அப்பா இதோ க, இதோ இன்னொரு க என்று சொன்னபோது பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியாகச் சேரின் வரைபடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாம் சாசனத்தில் மனிதருக்கும் விலங்குக்கும் வைத்தியம் செய்ய ஏற்பாடு செய்த இடங்களில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாம்பபர்ணி (அதாவது இலங்கை) என்று வரும். சேர் தன் கையால் வரைந்து சுவரில் மாட்டிய படத்தில் சத்தியபுத்திரருக்குப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கும். அது அதியமான் மரபுதான் என்று சிலர் சொல்கிறார்கள், கல்லில் கிடைத்தால் நம்புவேன் என்பார். 1981இல் திருக்கோவிலூருக்குப் பக்கத்தில் ஜம்பை என்ற ஊரில் கிடைத்த தமிழ்பிராமிக் கல்வெட்டில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி', அதாவது சத்தியபுத்திரன் அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை, என்று இருந்தது. ஔவையாருக்கு நெல்லிக்கனி கொடுத்த அஞ்சியின் பெயரே, அசோகர் சொன்ன அதே பட்டத்தோடு!

இதை நான் லண்டனில் ஒரு நூலகத்தில் வாசித்துவிட்டு அன்றிரவே நீல வான்கடிதத்தில் சேருக்கு எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. சுகம் விசாரித்து, குளிருக்குக் கவனமாக இரு என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி: கேள்விக்குறியை அழித்துவிட்டேன், மையால் அதியமான் என்று எழுதியிருக்கிறேன்.

சேர் இப்போது இல்லை. அந்தப் படம் பள்ளிக்கூடத்திலோ யாருடைய வீட்டிலோ இன்னும் இருந்தால், தயவுசெய்து ஒரு போட்டோ எடுத்துச் சங்கத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்த மை எழுத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.