நீர்நாயைத் திட்டாதே மச்சான்

தேவகோட்டைப் பக்கம் கண்மாய் வற்றிவிட்டால் நானும் அத்தை மகனும் தூண்டிலோடு கொள்ளிடக் கரைக்குப் போய்விடுவோம். போன ஞாயிறு விடியற்காலையிலிருந்து உட்கார்ந்து பத்து மணிக்கு இரண்டே கெண்டை. எதிர்க்கரையில் நாலைந்து நீர்நாய்கள். ஒன்று மல்லாந்தபடி மீனை இரண்டு கையாலும் பிடித்துத் தலையிலிருந்து கடித்தது. கறுக் கறுக் என்று சத்தம் இந்தக் கரை வரை கேட்டது.

"நம்ம மீனெல்லாம் அதுக வயித்துல போகுது மச்சான், கல்லெடு" என்றான். கையைப் பிடித்துவிட்டேன்.

அப்புறம் மணல்திட்டில் அதன் எச்சத்தைக் காட்டினேன். செதில், முள், நண்டு ஓடு. மீன் மட்டுமே அதற்குச் சாப்பாடு இல்லை. தேக்கடிப் பெரியாறு ஏரியில் அது அதிகம் தின்பது ஜிலேபிக் கெண்டையைத்தான். வெளிநாட்டிலிருந்து வந்து நம் நாட்டு மீன்களை நெருக்கும் மீன் அது!

சங்கப் பாட்டிலேயே நீர்நாய் வாளை பிடிக்கிறது. அன்றும் ஆற்றில் மீன் இருந்தது. இன்று மீன் குறைந்ததற்கு மணல் அள்ளியதும், சாக்கடை கலந்ததும், நரம்பு வலையில் குஞ்சு வரை வாரியதும்தான் காரணம் என்பேன். நம் ஊர் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக இறங்கி ஒரே காலையில் கண்மாயையே காலி செய்கிறோமே, நாமா நீர்நாயைத் திட்டுவது?

1972 வனவுயிர் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். எனக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் மனசு வராது.

சிவகங்கைச் சீமைக் கண்மாய்களில் முன்பு நீர்நாய் பார்த்த பெரியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எந்தக் கண்மாய், எந்த வருஷம்?