தங்க லைக்காவின் நாக்கு

ஜார்ஜியா நாட்டுத் தலைநகர் டிபிலிசியில் டாக்டருக்குப் படிக்கும் சித்தி மகன் போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அங்கே டிரை பிரிட்ஜ் என்று ஒரு பழம்பொருள் சந்தை உண்டு. சோவியத் காலத்துப் பதக்கம், கைக்கடிகாரம், கேமரா என்று தரையில் துணி விரித்துப் பரப்பியிருப்பார்கள். படத்தில் இருந்தது தங்க நிறத்தில் ஒரு லைக்கா, பேர்போன ஜெர்மன் கேமரா. மேல் தகட்டில் 'லைக்கா' என்று வளைத்து வளைத்து எழுத்து, கீழே 'எர்ன்ஸ்ட் லைட்ஸ் வெட்ஸ்லார்', பக்கத்தில் கழுகு முத்திரை, உடம்பைச் சுற்றி பாம்புத்தோல் போல ஏதோ ஒன்று. "அண்ணா, 400 லாரி சொல்றார், ஜெர்மன் ராணுவத்துதாம், வாங்கிடவா?" (லாரி என்பது அந்த ஊர்ப் பணம்.)

பாதி பதில் படத்திலேயே இருந்தது. லைட்ஸ் கம்பெனி தங்க முலாம் பூசிய லைக்காக்களைச் செய்தது உண்மைதான், 1930ஐ ஒட்டிய சில வருடங்களில், நூறுக்கும் குறைவாக. ஆனால் அவை முதல் மாடல் லைக்காக்கள், அவற்றில் ரேஞ்ச்ஃபைண்டரே (தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்ய உதவும் கருவி) கிடையாது. கேமராவுக்குள்ளேயே லென்ஸோடு இணைந்த ரேஞ்ச்ஃபைண்டர் வந்தது 1932இல், லைக்கா இரண்டாம் மாடலில். அந்த மாடலில் தங்கமாகச் செய்தது நான்கே நான்கு என்பார்கள். அதில் ஒன்று 2013இல் ஹாங்காங் ஏலத்தில் ஆறு லட்சம் டாலருக்கு மேல் போனது. பையன் அனுப்பிய படத்தில் முன்பக்கம் மூன்று கண்ணாடிச் சன்னல்கள் பளிச்சென்று தெரிகின்றன, அதாவது ரேஞ்ச்ஃபைண்டர் இருக்கிறது. ஆறு லட்சம் டாலர் சாமானை ஒரு தாத்தா பழைய போர்வையில் வைத்து 400 லாரிக்குத் தருவாரா என்ன.

அப்படியானால் அது என்ன? ஒன்று ஃபெட், இல்லையென்றால் சோர்க்கி, இரண்டுமே லைக்காவைப் பார்த்துச் செய்த சோவியத் கேமராக்கள். இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். உக்ரைனின் கார்கிவ் நகரத்தில், வீடில்லாமல் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு கம்யூன் இருந்தது, நடத்தியவர் கல்வியாளர் மகரென்கோ. அந்தப் பிள்ளைகளும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்களுமாக லைக்கா இரண்டாம் மாடலைப் பிரித்துப் பார்த்து அதே மாதிரி செய்து, 1934இலிருந்து உற்பத்தியே தொடங்கிவிட்டார்கள். ஃபெட் என்பது சோவியத் ரகசியப் போலீஸை உருவாக்கிய ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரில் உள்ள முதலெழுத்துகள். அநாதைப் பிள்ளைகள் செய்த கேமராவுக்கு உளவுத்துறைத் தலைவரின் பெயர், என்ன பொருத்தமோ. போருக்குப் பிறகு மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை அதே கேமராவை 1948இல் 'ஃபெட் சோர்க்கி' என்று வெளியிட்டது, பிறகு பெயர் வெறும் சோர்க்கி என்றாகிவிட்டது. இரண்டும் லட்சக்கணக்கில் வந்தவை, அதனால் மலிவு. பட்டறையில் சோர்க்கியின் மேல் தகட்டை வாங்கி, ரஷ்ய எழுத்தை அரைத்து எடுத்து, முலாம் பூசி, லைக்கா என்று பொறித்து, ராணுவக் கதை ஒன்றையும் சேர்த்துவிட்டால் விலை மூன்று நான்கு மடங்கு ஏறிவிடுகிறது.

ஆக, பொறித்த எழுத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை, எழுத்தை யார் வேண்டுமானாலும் பொறிக்கலாம். சீரியல் நம்பரும் அப்படித்தான். ஆனால் அதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. எந்த நம்பர் எந்த வருடம், எந்த மாடல் என்ற லைட்ஸ் பட்டியல் வெளியாகியிருக்கிறது, பொறித்தவர் அதைப் புரட்டிப் பார்க்கச் சோம்பல்பட்டிருந்தால் நம்பர் வேறு ஏதோ மாடலில் போய் நிற்கும்.

எனக்கு நம்பிக்கையான இடம் உள்ளே இருக்கிறது. லென்ஸைத் திருகிக் கழற்றிவிட்டு வாய்க்குள் மேற்புறமாகப் பாருங்கள், ரேஞ்ச்ஃபைண்டரை லென்ஸோடு இணைக்கும் ஒரு சிறு கை தெரியும். நிஜ லைக்காவில் அதன் நுனியில் உருளுகிற குட்டிச் சக்கரம் இருக்கும். ஃபெட்டிலும் சோர்க்கியிலும் சக்கரம் கிடையாது, நாக்கு மாதிரி வழவழப்பான ஒரு கட்டித் துண்டுதான். முலாம் பூசுகிறவர் அதைத் தொடுவதில்லை, மாற்றினால் ஃபோகஸே கெட்டுவிடும். இன்னொன்று லென்ஸ். லைக்காவின் லென்ஸான எல்மார் என்று பொறித்திருந்தாலும் முன்னாலிருந்து உற்றுப் பார்த்தால், நிஜ எல்மாரில் டயாஃப்ரம் (ஒளி நுழையும் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும்) இதழ்கள் முதல் கண்ணாடிக்கு உடனே பின்னால் இருக்கும். அந்த இடத்தில் சோவியத் லென்ஸான இண்டஸ்டார் இருந்தால் இதழ்கள் இன்னும் ஒரு கண்ணாடி தள்ளி உள்ளே போயிருக்கும். இதை ஃபோட்டோவில் பார்ப்பது கஷ்டம், கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் வைத்து சோவியத் கேமரா என்றாலே போலி என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் கீவ் 4 என்ற சோவியத் கேமரா ஒன்று இருக்கிறது, பார்த்தால் காண்டாக்ஸ் என்ற ஜெர்மன் கேமரா மாதிரியே இருக்கும். அதைத் திருட்டு நகல் என்றால் எனக்குக் கோபம் வரும். ஜெர்மனியின் காண்டாக்ஸ் அச்சுகளும் உபகரணங்களும் போர் இழப்பீடாக கீவ் நகர ஆர்சனல் தொழிற்சாலைக்குப் போய், அங்கே பிறந்த வாரிசு இது. பெரும்பாலான கீவ் கேமராக்களில் சீரியல் நம்பரின் முதல் இரண்டு இலக்கம் செய்த வருடம். என்னுடையது 67இல் தொடங்குகிறது, அந்த வகையில் நேர்மையான சாதி.

சரி, பையனிடம் லென்ஸைக் கழற்றச் சொன்னேன். தாத்தா முதலில் மறுத்திருக்கிறார், அப்புறம் சிரித்துக்கொண்டே அவரே கழற்றிக் கொடுத்திருக்கிறார். படம் வந்தது, கொஞ்சம் ஆடிப்போன படம்தான். நாக்கு. "சோர்க்கிடா" என்று அனுப்பினேன். அவன் அதை அவரிடம் காட்டியிருக்கிறான் போல, 150க்கு இறங்கிவிட்டார்.

வாங்கிவிட்டான். ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடுகிறதாம், ஃபிலிம் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறான். தங்கம் மட்டும் விரலில் ஒட்டுகிறதாம்.