ஆட்ட நாளின் முகப்புப் பக்கம்

தொழில்முறை கால்பந்து அணி ஒன்றின் இணையதளத்தைக் கைபேசிக்கு ஏற்றபடி மாற்றித்தரும் வேலை எங்கள் குழுவிடம் வந்தபோது, "ரெஸ்பான்சிவ் ஆக்கிவிட்டால் போதும்" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். திரையின் அகலத்துக்கேற்பப் பக்கம் தானே மடங்கி அடங்கும் அந்த முறைக்கு இணைய வடிவமைப்பாளர் ஈதன் மார்கோட் 2010இல் பெயர் வைத்தார். இன்று அது பெரிய வித்தையில்லை. பழைய தளத்தை அப்படியே மடக்கிப் பார்த்தோம். மேலே விளம்பரதாரர் பேனர், அடுத்து தானாக ஓடும் படங்கள், பிறகு நிர்வாகத்தின் அறிவிப்புகள். கணினியில் வலது ஓரத்தில் எப்போதும் கண்ணில் பட்ட ஆட்ட அட்டவணை, கைபேசியில் அடியாழத்துக்குப் போயிருந்தது.

எது முதலில் வர வேண்டும் என்பதுதான் உண்மையான கேள்வி. பெரிய திரையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மூலை கிடைத்தது. கைபேசியில் மூலைகளே இல்லை. டிக்கெட் பிரிவு, விற்பனைப் பிரிவு, ஊடகப் பிரிவு எல்லோருமே மேலிடம் கேட்டார்கள், எல்லோரிடமும் நியாயம் இருந்தது. தளத்தின் வருகைப் பதிவுகளைப் பார்த்த பிறகுதான் பேச்சு முடிவுக்கு வந்தது. வார நாளில் நிதானமாகப் பேட்டி படிக்கும் அதே ரசிகர், ஆட்ட நாளில் ஸ்கோரைப் பார்த்ததும் போய்விடுகிறார். எனவே முகப்பையே நேரத்துக்கேற்ப மாறவிட்டோம். காலையில் டிக்கெட்டும் நுழைவாயிலும், ஆட்டம் நெருங்கும்போது களமிறங்கும் பதினொருவர், விசில் ஊதியதும் ஸ்கோர், முடிந்தபின் ஹைலைட்ஸ்.

வேகத்தைப் பொறுத்தவரை, பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அலுவலக வைஃபையில் அதை எட்டுவது எளிது. மைதானத்தில் ஆயிரக்கணக்கான கைபேசிகள் ஒரே கோபுரங்களைப் பங்குபோடும். சிக்னல் கோடுகள் முழுதாக இருக்கும், பக்கம் மட்டும் வராது. கோல் விழுந்த நொடியில் எல்லோரும் ஒன்றாகத் திரையைத் தொடுவார்கள். முகப்பு வீடியோவை நீக்கினோம், படங்களை அளவு குறைந்த வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினோம். ஸ்கோர் மட்டும் சிறு தரவாகத் தனியே வரும். சில விநாடிகள் சிடிஎன்னிலேயே, அதாவது நகலை வைத்துக்கொண்டு ரசிகருக்கு அருகிலிருந்து தரும் இடைநிலை சர்வர்களிலேயே, தங்கும். எத்தனை பேர் கேட்டாலும் எங்கள் சர்வர்வரை வருவது சில கோரிக்கைகள்தான்.

நான் அதிகம் மெனக்கெட்டது டிக்கெட் பக்கத்துக்குத்தான். வாசலில் நின்று பார்த்தோம். வெயிலில் ஒருவர் கைபேசியைச் சாய்த்துச் சாய்த்துக் காட்டுகிறார். ஸ்கேனர் படிக்க மறுக்கிறது. பின்னால் வரிசை நெளிகிறது. இரண்டு லோகோக்களுக்கு நடுவே க்யூஆர் குறியீடு சின்னதாக இருந்தது, சுற்றிலும் அணியின் அடர்நிறம். திரையின் வெளிச்சத்தை இணையப் பக்கத்தால் கூட்ட முடியாது, திரை அணையாமல் மட்டும் பிடித்துவைக்கலாம். ஆகவே லோகோக்களை எடுத்துவிட்டு வெள்ளைப் பின்னணியில் குறியீட்டை விரித்தோம். வாசல் எண்ணும் இருக்கை எண்ணும் அதன் கீழே பெரிய எழுத்தில். ஒருமுறை திறந்த டிக்கெட்டை, பிரவுசரின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் என்ற சிறு நிரல் கைபேசியிலேயே சேமித்துக்கொள்ளும். நெட் இல்லாவிட்டாலும் திறக்கும்.

அணியின் நிறத்தை விட்டுக்கொடுக்க வடிவமைப்பாளர்களுக்கு மனமில்லை. எனக்கும் அந்த நிறம் பிடிக்கும். ஆனால் வாசலில் நிற்பவர் ஏற்கனவே அந்த நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். அவர் உள்ளே போக வேண்டும்.